கல்லில்லாத நாட்டின் கற்சுரங்கம்

காவிரிப் படுகையில் கருங்கல் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து கிழக்கே கடற்கரை வரையில் பயணம் செய்தாலும் வழியில் ஒரு பாறையையோ குன்றையோ நாம் காண்பதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும், வயலுக்கு வரப்பும், வரப்பின் ஓரத்தில் வாய்க்காலுமே தென்படும். இத்தகைய சமவெளியில்தான் 1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராச சோழன் கருங்கல்லினாலேயே வானுயர்ந்த பெரிய கோயிலை எழுப்பி முடித்தான். அதற்கு வேண்டிய கல் முழுவதும் மேற்கிலும் தெற்கிலும் உள்ள பாறை நாட்டிலிருந்து வண்டி வண்டியாக வந்திருக்க வேண்டும். ஆகவே, தஞ்சைத் தரணியில் கற்சுரங்கம் பற்றிப் பேசுவது வீண் பேச்சு என்று வாசகர்கள் எண்ணக்கூடும்.

ஆனால் இந்நாட்டிற்குக் கல்லைக் கொண்டுவந்து சேர்ப்பது சோழ மன்னனின் வண்டிகள் மட்டுமன்று. குடகு மலையில் பிறந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடிவரும் காவிரித்தாய், வழிநெடுகிலும் மலைப்பாறைகளை உடைத்து, உருட்டி, அரைத்து, பொடியாக்கி நமக்குக் கொண்டுவந்து தருகிறாள். அப்பொடிக்கு நாம் இட்ட பெயர் மணல். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறை அரைக்கும் ஆலையாக இயங்கிவரும் அந்த நதியின் களஞ்சியமே கொள்ளிடமும் காவிரியும் ஆகும். எனவே ஆற்று மணலை அள்ளுவதும் ஒருவகையில் மலையை வெட்டுவதேயாம். மலையும் ஆறும் எவருடைய பட்டா நிலமும் அல்ல. புறம்போக்கு என்னும் பொதுநிலம். அப்பொதுநிலத்திலிருந்து எதை, எவ்வளவு, எவர், எந்த விதிப்படி எடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை தேடி, முக்கொம்பிலிருந்து பழையாறு வரையில் கொள்ளிடக் கரையோடு ஒரு பயணம் சென்று வந்தோம்.

முக்கொம்பும் கல்லணையும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயருடனேயே செல்ல, வடகிளை கொள்ளிடமாகிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடமாதலால் கொள்ளிடம் என்று பெரியோர் பொருள் கூறுவர். இங்கே 1836 முதல் 1838 வரை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டுவித்தார். அதற்கு முன்பு கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போக, காவிரியின் நீரெல்லாம் அதில் வடிந்து, தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின. ஆற்றின் தரைமட்டம் சிறிது மாறினாலும் ஒரு நாட்டின் சோற்றுக்கே இடையூறு நேரும் என்பதை அன்றே இந்த ஆறு நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

அந்த மேலணையில் கொள்ளிடத்தின் பக்கமுள்ள ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவில் இடிந்து வெள்ளத்தோடு போயின. அதே மாதத்தில் திருச்சிக்கும் சீரங்கத்துக்கும் அப்பால் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அணையின் முதுமையும் வெள்ளத்தின் வேகமும் காரணம் என்றனர் ஒருசாரார். அடித்தளத்தின் அருகிலேயே ஆண்டுக்கணக்காக மணல் அள்ளப்பட்டதும் காரணம் என்றனர் விவசாயிகள். எது எவ்வளவு காரணம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால், தூணைத் தாங்கி நிற்பது மணலே. மணல் குறையுமாயின் தூண் ஆட்டங்காணும் என்பதை அறிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கல்லணையில் நின்று பார்க்கும்போது மனம் நிறைகிறது. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் இவ்விடத்தில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் நான்காகப் பிரிந்து செல்கிறது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட காலத்தில் தோன்றியதே கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை நமக்கு நீரைத் தேக்கித் தருவது உண்மையே. ஆயினும் நீரோடு கூட மணலையும் வண்டலையும் அது தன் மடியிலேயே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே, கல்லணைக்குக் கீழே கிடக்கும் மணலில் பெரும்பகுதி நம் முன்னோர் காலத்து இருப்பு. வருமானம் குறைந்துவிட்ட குடும்பம் பாட்டனார் சேர்த்துவைத்த நெல்லைக் குதிரிலிருந்து அள்ளி உண்பதைப் போன்றதே இன்று நாம் அதை அள்ளுவது.

கரையோரக் காட்சிகள்

கல்லணையைக் கடந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டியை அடைந்தோம். மாதா பேராலயத்துக்கு வரும் யாத்திரிகர்கள் பலர் சற்று வடக்கே ஓடும் கொள்ளிடத்தைக் கண்டு செல்வதுண்டு. நாங்கள் சென்றது கோடைக்காலம். ஆற்றில் நீர் இல்லை. ஆயினும் நல்ல மணல் கிடக்கும் இடங்களில் இரண்டு மூன்று அடி தோண்டினால் ஊற்று நீர் பளிங்குபோல் சுரக்கிறது. வேறு சில இடங்களிலோ மணல் முழுவதும் போய்க் களிமண் தரை தெரிகிறது. அங்கே பெரிய பள்ளங்களில் பாசி படிந்த நீர் தேங்கி நிற்க, சுற்றிலும் நாணலும் சீமைக் கருவேலும் மண்டிக் கிடக்கின்றன.

மணல் வெறுமனே கிடக்கும் பொருளன்று. ஒரு படி மணலை எடுத்துப் பார்த்தால், துகள்களுக்கு இடையே கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வெற்றிடம் இருக்கும். அவ்விடத்தில் நீர் நிறைகிறது. வெயில் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. அசுத்தமும் அதனுள் எளிதில் புகாது. ஆகவே ஆற்று மணல் கூரையிட்ட குளம் போன்றது, வடிகட்டியும் அதுவே. கொள்ளிடப் படுகையில் கிணறுகள் இறக்கித்தான் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் நடைபெறுகின்றன. கடலோரத்து உப்பு மண்ணில் வாழும் வேதாரண்யத்து மக்களின் குடத்தில் நிறைவதும், தொலைவிலுள்ள இராமநாதபுரத்து மக்களின் தாகம் தீர்ப்பதும் இந்த ஆற்று மணல் வடித்துத் தரும் நீரே.

கரையோரத்தில் சந்தித்த முதிய விவசாயி ஒருவர் தம் இளமைக்கால நினைவுகளைக் கூறினார். அந்நாளில் மாட்டுவண்டியில் மணல் எடுத்துச் சென்றவர்கள் உண்டு. மறு வெள்ளத்தில் பள்ளம் தூர்ந்துவிடும். பின்னர் இயந்திரங்கள் வந்தன. லாரிகள் இரவு பகலாக வரிசையில் நின்றன. பள்ளம் தூர்வதற்கு முன்பே அடுத்த பள்ளம் விழுந்தது என்றார். தம் வயலுக்கு நீர் கொணரும் வாய்க்காலின் தலைப்பு இப்பொழுது ஆற்றின் தரைமட்டத்துக்கு மேலே நிற்பதாகவும், ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலில் ஏறுவதில்லை என்றும் சுட்டிக் காட்டினார். கண்முன் நீர் ஓட, காலடியில் நிலம் காய்வதைக் காணும் உழவனின் துயரத்தைச் சொல்லால் விவரிக்க இயலாது.

திருமானூர்ப் பாலத்தின் வழியே அக்கரைக்குச் சென்று, மீண்டும் தென்கரை வந்து அணைக்கரையை அடைந்தோம். கீழணை என்பதும் இதுவே. இங்கிருந்து வடவாற்றின் வழியாகச் செல்லும் நீர் வீராணம் ஏரியை நிரப்பி, அங்கிருந்து சென்னை நகரம் வரை குடிநீராகச் செல்கிறது. வடக்கு ராஜன், தெற்கு ராஜன் என்னும் வாய்க்கால்கள் இருபுறமும் வயல்களை வளப்படுத்துகின்றன. ஆக, கொள்ளிடத்தின் மணல் கரையோரக் கிராமங்களுக்கு மட்டும் உரிய சொத்தன்று. கடைமடையில் குடம் ஏந்தி நிற்பவளும் தலைநகரில் குழாயைத் திறப்பவளும் அதன் பங்காளிகளே.

முடிவாகப் பழையாறு. இங்கேதான் கொள்ளிடம் கடலோடு கலக்கிறது. ஆற்றின் தரை தாழ்ந்து, மேலிருந்து வரும் நன்னீர் குறையும்போது கடல் சும்மா இருப்பதில்லை. உப்புநீர் ஆற்றின் வழியே உள்ளே ஏறுகிறது. கரையோரக் கிணறுகள் உவர்க்கின்றன. சீர்காழி வட்டாரத்துக் கடலோர ஊர்களில் இக்குறையைக் கேளாத இடமில்லை. மேலே மணலை இழந்த ஆறு, கீழே கடலைத் தடுக்கும் ஆற்றலையும் இழந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி, இவற்றையெல்லாம் ஆளும் சட்டத்தைச் சற்று ஆராய்வோம். நம் நாட்டில் சுரங்கங்களுக்கு அடிப்படையானது 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம். இதில் கட்டடக் கல், சரளை, களிமண், சாதாரண மணல் ஆகியவை சிறு கனிமங்கள் என்று பெயர் பெற்றன. இவற்றுக்கு விதி செய்யும் உரிமை மாநில அரசுகளிடம் விடப்பட்டது. அவ்வுரிமையின்படி தமிழகத்தில் 1959இல் சிறு கனிமச் சலுகை விதிகள் வகுக்கப்பட்டன. ‘சிறு’ என்னும் அந்த அடைமொழியே பல தீமைகளுக்கு வித்தாயிற்று எனலாம். தங்கமும் இரும்பும் பெரியவை. மணலும் கல்லும் சிறியவை. ஆனால் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 5,000 கோடி டன் மணலையும் சரளையையும் எடுத்துப் பயன்படுத்துகிறது. நீருக்கு அடுத்தபடியாக மனிதர் மிகுதியாகப் பயன்படுத்தும் இயற்கைப் பொருள் இதுவே. அதைச் சிறிது என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

முன்பெல்லாம் ஆற்று மணல் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டு வந்தது. முறைகேடுகள் பெருகவே, 2003இல் தமிழக அரசு 38-அ என்னும் விதியைச் சேர்த்து, இனி அரசே மணல் எடுக்கும் என்று அறிவித்தது. எண்ணம் நல்லதே. ஆயினும் அள்ளுவதற்கும் ஏற்றுவதற்கும் ஒப்பந்தக்காரர்கள் அமர்த்தப்பட்டனர். அனுமதிக்கப்பட்ட அளவு ஒன்று, அள்ளப்பட்ட அளவு வேறொன்று என்னும் குறை நீங்கவில்லை. 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை தமிழகத்து மணல் குவாரிகள் தொடர்பாகச் சோதனைகள் நடத்தியதும், பின்னர் தஞ்சாவூர், திருச்சி, அரியலூர், கரூர், வேலூர் ஆகிய ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை அனுப்பியதும், அவ்விவகாரம் உச்சநீதிமன்றம் வரை சென்றதும் வாசகர்கள் அறிந்தவையே. ஒப்பந்தக்காரர்கள் மீதான அத்துறையின் நடவடிக்கைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் இரத்து செய்தது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. நாம் கேட்பது எளிய கேள்வி: ஓர் ஆற்றிலிருந்து எவ்வளவு மணல் போயிற்று என்பதை ஊரறிய அளந்து எழுதிவைத்திருந்தால், இவ்வளவு வழக்கும் வேண்டியிருக்குமா?

நீதிமன்றங்கள் தம்மால் இயன்றதைச் செய்துள்ளன. ஐந்து எக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று கருதி, பெரிய பரப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி ஏலம் விடும் தந்திரம் பல மாநிலங்களில் நடைபெற்று வந்தது. 2012 பிப்ரவரி 27ஆம் நாள் தீபக் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்து, சிறிய குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்றது. அதன் பின்னர் 2016இலும் 2020இலும் மத்திய அரசு மணல் எடுப்பதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் மேலும் ஒரு படி சென்று, ஆறு ஆண்டுதோறும் எவ்வளவு மணலை மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறது என்னும் ஆய்வு இல்லாத மாவட்ட அறிக்கையை வைத்து அனுமதி வழங்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. வரவு தெரியாமல் செலவு செய்யாதே என்று நம் வீட்டுத் தாய்மார்கள் நாள்தோறும் கூறும் அறிவுரையும் இதுவேயன்றோ?

மணலை விட்டு மலையைப் பிடித்தோம்

ஆற்று மணல் அரிதானதும் இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று, வெளிநாட்டு மணல். 2017இல் மலேசியாவிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் மணல் வந்து இறங்கியது. மற்றொன்று, எம்-சாண்ட் எனப்படும் கல்மணல். கருங்கல்லை உடைத்து ஆலையில் அரைத்து எடுப்பதே இது. ஆறு ஆயிரம் ஆண்டுகளில் செய்த வேலையை இயந்திரம் ஒரு நாளில் செய்துவிடுகிறது. ஆற்றுக்கு இளைப்பாறுதல் கிடைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாரம் இறங்கிய இடத்திலிருந்து ஏறிய இடத்தையும் நாம் பார்க்க வேண்டும். டெல்டாவின் எல்லையிலேயே உள்ள புதுக்கோட்டை, திருச்சி, கரூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பாறைக் குன்றுகள் நாளுக்கு நாள் பள்ளங்களாகி வருகின்றன. ஆற்றில் விழுந்த பள்ளமாவது ஒரு பெருவெள்ளத்தில் தூரக்கூடும். மலையில் விழுந்த பள்ளம் எந்நாளும் தூராது.

அப்பள்ளங்கள் உயிரையும் கேட்கின்றன. 2022 மே மாதத்தில் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்திலும், 2025 மே மாதத்தில் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையிலும் கல்குவாரிகளில் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டனர். விதியை எடுத்துக் கூறியவர்களும் தப்பவில்லை. தாமிரபரணியில் மணல் திருட்டைக் குறித்துப் புகார் செய்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25ஆம் நாள் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்து மனு மேல் மனுவாக அளித்து வந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17ஆம் நாள் தொழுகை முடித்துத் திரும்பும் வழியில் லாரி மோதி உயிரிழந்தார். அது கொலை வழக்காயிற்று. சட்டம் உறங்கும் இடத்தில் விழித்திருக்கும் எளியவன் தன் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்கிறது. கனிமச் சட்டத்தைத் திருத்துவது வெறும் வருவாய்த் துறை விவகாரமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காப்பாற்றப்பட்ட மண், காப்பாற்றப்படாத மணல்

மக்கள் ஒன்றுபட்டால் சட்டம் அசையும் என்பதற்கும் டெல்டாவிலேயே சான்று உண்டு. நிலத்தடி மீத்தேன் எடுக்க 2010இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டபோது, வயல்வெளிகளில் எதிர்ப்புக் கிளம்பியது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பேசினார். அப்பணியில் இருந்தபோதே 2013 டிசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டைக்கு அருகில் உயிர் நீத்தார். 2015இல் மாநில அரசு அத்திட்டத்துக்குத் தடை விதித்தது. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதனுள் வந்தன. எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன் ஆகியவற்றுக்கான புதிய துளைகளும், உருக்கு ஆலை, தோல் பதனிடுதல் போன்ற தொழில்களும் விலக்கப்பட்டன.

மகிழத்தக்க சட்டமே. ஆயினும் அதன் பட்டியலில் அன்று நிலக்கரி இடம்பெறவில்லை. 2023 மார்ச்சு இறுதியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று நிலக்கரித் தொகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் காணப்பட்டன. மாநிலமெங்கும் குரல் எழவே, ஏப்ரல் 8ஆம் நாள் அவை நீக்கப்பட்டன. ஆற்று மணலோ 2020இல் வகுக்கப்பட்ட பட்டியலில் இல்லவே இல்லை. வயலுக்குக் கவசம் அணிவித்தோம். வயலுக்கு உயிர் ஊட்டும் ஆற்றை வெற்றுடம்போடு நிறுத்திவிட்டோம்.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியிலும் இத்தகைய கதையே நடந்தது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த மலைகள் அடங்கிய பகுதி, 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது. அரிய கனிமங்கள் 24ஐ ஏலம் விடும் உரிமையை மத்திய அரசுக்கே அளித்த 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமே அதற்கு வழி செய்தது. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. கிராம மக்கள் மதுரையை நோக்கி நடந்தனர். 2025 ஜனவரியில் ஏலம் இரத்தாயிற்று. முதலில் ஏலம், பின்பு எதிர்ப்பு, அதன் பின்பு இரத்து என்பது நல்லாட்சிக்கு அழகன்று. முதலிலேயே ஊராரைக் கேட்கும்படி சட்டம் அமைந்திருக்குமானால், அத்தனை குடும்பங்கள் இரண்டு மாதம் உறக்கமிழந்திருக்க வேண்டியதில்லை.

பிற நாட்டின் படிப்பினை

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. செல்வ நாடாகிய அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மேற்குப் பகுதியில் மக்களைக் குடியேற்றும் நோக்குடன், பொதுநிலத்தில் தங்கமோ செம்போ கண்டுபிடிப்பவர் எல்லைக் கல் நட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றது அச்சட்டம். அரசுக்கு உரிமைத் தொகை ஏதும் தர வேண்டியதில்லை. நிலத்தையே ஏக்கருக்கு ஐந்து டாலருக்கு மிகாத விலையில் சொந்தமாக்கிக்கொள்ளவும் முடிந்தது. 1994 முதல்தான் அவ்விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. எண்ணெய், நிலக்கரி ஆகியவை 1920இல் அச்சட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உரிமைத் தொகைக்கு உட்படுத்தப்பட்டன. சாதாரண மணலும் சரளையும் 1955இல் பிரிக்கப்பட்டன. ஆனால் கடினப் பாறைக் கனிமங்கள் மட்டும் 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய சட்டத்தின் நிழலிலேயே இருக்கின்றன. கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களை யார் துப்புரவு செய்வது என்பதற்கும் சரியான விடை இல்லை. 2015 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தில் அத்தகைய பழைய தங்கச் சுரங்கம் ஒன்று உடைந்து, நச்சு நீர் கலந்து அனிமாஸ் என்னும் ஆறு மஞ்சளாக ஓடியது. எடுத்தவன் என்றோ போய்விட்டான். கழுவ வேண்டியவர்கள் பின்வந்தவர்கள்.

அருகிலுள்ள கேரளத்திலோ 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்பு மற்றும் மணல் அள்ளுதல் ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். ஒவ்வொரு கடவுக்கும் உள்ளூர்க் குழு, மாவட்டத்துக்கு நிபுணர் குழு, ஆற்றுக்கென்று தனி நிதி, அவ்வப்போது மணல் தணிக்கை ஆகியவை அதில் உண்டு. நடைமுறையில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் ஆற்றின் கரையில் வாழ்பவனுக்கு ஆற்றைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு என்னும் கொள்கை அதில் எழுதப்பட்டுள்ளது.

வேண்டிய திருத்தங்கள்

நம் எளிய அறிவுக்கு எட்டியவரையில் சட்டத்தில் வேண்டியவை சிலவே. முதலாவது, அளவு. குவாரி திறப்பதற்கு முன்பும் மூடிய பின்பும் ஆற்றின் தரைமட்டம் அளக்கப்பட்டு, அக்கணக்கு கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். இரண்டாவது, வரவுக்குள் செலவு. வெள்ளம் கொண்டுவராத ஆண்டில் மணல் எடுக்கவே கூடாது. மூன்றாவது, பள்ளத்தின் பொறுப்பு. கல்குவாரி உரிமம் பெறுபவர் அதை வேலியிட்டுச் சீர்செய்வதற்கான தொகையை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும். நான்காவது, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் வயலோடு நின்றுவிடாமல் ஆற்றுப் படுகையையும் காக்க வேண்டும்.

ஐந்தாவது, பணம் சேரும் இடம். 2015இன் திருத்தத்தால் சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோர் நலனுக்கென மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் தோன்றின. கனிமத்தின் மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. தமிழகமும் கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தை இயற்றிற்று. வரும் பணத்தில் ஒரு பங்கு எந்த ஊரின் வாய்க்கால் தலைப்பு உயர்ந்து நிற்கிறதோ, எந்த ஊரின் கிணறு உவர்த்ததோ, அவ்வூருக்கே திரும்ப வேண்டும்.

மணல் வேண்டாம், கல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏழைக்குக் கூரை வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். ஊருக்கு ஆலயமும் மருத்துவமனையும் வேண்டும். கட்டட வேலையை நம்பி வாழும் கொத்தனாரும் சித்தாளும் நம் குடும்பத்தவரே. குவாரிகள் மூடிக்கிடந்த மாதங்களில் அவர்களுடைய அடுப்பும் அணைந்து கிடந்ததை நாம் மறக்கலாகாது. ஒழுங்கான சட்டம் ஒன்று இருக்குமானால், அடியோடு அள்ளுவதும் அடியோடு மூடுவதுமாக ஊசலாட வேண்டிய நிலை வராது.

சட்டம் திருந்தும் வரையில் நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. வீடு கட்டும் குடும்பங்கள் மணலோ கல்லோ வந்து இறங்கும்போது நடைச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆலயமோ பள்ளியோ எழுப்பும் பங்குகள் இதில் முன்மாதிரியாக நிற்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச்சு 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கேனும் ஒவ்வொரு கரையோர ஊரிலும் ஆற்று மணலைப் பற்றி ஒரு கேள்வி எழட்டும். தனி ஒருவர் கேட்டால் அவருக்கு ஆபத்து நேரலாம் என்பதைக் கண்டோம். ஊரே சேர்ந்து கேட்கும்போது அவ்வாபத்து அஞ்சி ஒதுங்கும்.

கொள்ளிடத்தில் எந்த அறிவிப்பும் இன்றி நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. அதைக் குடிக்கப் போகும் குழந்தை எந்த ஊரில், எந்த வீட்டில் பிறக்கும் என்பது நமக்குத் தெரியாது. அக்குழந்தைக்கும் சேர்த்து மணலை விட்டுவைப்பதே நியாயமான பங்கீடு.